சிட்டையிலிருந்து ஐந்தொகைக்கு: புதுவயல் தம்பியின் ரெஸ்யூம் பற்றி

தம்பி கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். புதுவயலில் ஒரு அரிசி ஆலை அலுவலகத்தில் இரண்டரை வருடமாகக் கணக்கு பார்க்கிறார். படிப்பு பி.காம். கோயம்புத்தூர், சென்னை பக்கம் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ஒரே ரெஸ்யூமை நாற்பது இடத்துக்கு மேல் அனுப்பிவிட்டார், ஓர் அழைப்பும் இல்லை. ரெஸ்யூமில் என்ன தப்பு, கவர் லெட்டர் என்று தனியாக ஒன்று வேண்டுமா என்று கேட்கிறார். நான் சென்னையில் பதினோரு வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவள், இப்போது காரைக்குடியில் இருந்துகொண்டு சில நிறுவனங்களுக்கு அதே வேலையைச் செய்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமை இரண்டு முறை படித்தேன். மனம் விட்டுப்போகாதீர்கள் தம்பி, உங்களிடம் சரக்கு நிறைய இருக்கிறது. கேள்வியில் போகிற போக்கில் "மாசம் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருங்கினால் ஆலையிலிருந்து வீட்டுக்குப் போக ஒன்பது மணி ஆகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிஎஸ்டி தெரிந்தவர்கள் அந்த இரண்டு தேதியைப் பார்த்தாலே புரிந்துகொள்வார்கள்: 11 என்றால் ஜிஎஸ்டிஆர்-1 (மாத விற்பனை விவரம்), 20 என்றால் ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரிக் கணக்கு), இந்தப் பையன் ரிட்டர்ன் வேலையில் கை வைத்திருக்கிறான். ரெஸ்யூமில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? "அக்கவுண்ட்ஸ் சம்பந்தமான வேலைகளைக் கவனித்தல்." அவ்வளவுதான். இரண்டரை வருட உழைப்பு ஒரு வரியில் போய்விட்டது. மீதி ஒன்றரைப் பக்கத்தில் அப்பா பெயர், மதம், ரத்த வகை, பொழுதுபோக்கு, உறுதிமொழி.

எங்கள் ஐயா ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கிட்டங்கியில் (செட்டியார்கள் கடை வைத்துத் தொழில் நடத்திய கட்டடம்) பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, ஏஜென்ட்டுக்கு உதவியாக இருக்கும் அடுத்தாள் ஆகி, 1942-ல் சண்டைக்கு நடுவில் ஊர் வந்து சேர்ந்தவர். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த கணக்கு இது. அன்றாடம் நடந்ததை நடந்தபடி எழுதுவது சிட்டை. அதை ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. கடைசியில் எல்லாவற்றையும் திரட்டி ஒரே தாளில் போடுவது ஐந்தொகை. முதலாளி பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ வீட்டுக் கூடத்தில், பட்டாசாலையில் உட்கார்ந்திருப்பார், கடல் தாண்டியிருக்கும் கடையை அவர் நினைத்த நேரத்துக்குப் போய்ப் பார்க்க முடியாது, அந்த ஐந்தொகையைப் பார்த்துத்தான் கடை எப்படி இருக்கிறது, அங்கே கடையைப் பார்க்கிற ஏஜென்ட் எப்படி நடத்துகிறார் என்று முடிவு பண்ண வேண்டும். உங்கள் ரெஸ்யூமைப் படிக்கிற கோயம்புத்தூர்க்காரரும் அந்த நிலைமையில்தான் இருக்கிறார். அவர் புதுவயலைப் பார்த்ததில்லை, உங்கள் ஆலை எவ்வளவு பெரியது என்று தெரியாது, நீங்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறீர்கள் என்றும் தெரியாது. தாளில் இருப்பதுதான் அவருக்கு நீங்கள். அதனால் வாழ்க்கை முழுவதையும் கொட்டவும் வேண்டாம், ஒன்றுமே சொல்லாமல் கையெழுத்து மட்டும் போடவும் வேண்டாம். அவர் முடிவெடுக்க என்ன தொகை வேண்டுமோ அதைத் திரட்டிக் கொடுங்கள்.

சரி, மேலிருந்து வருவோம். தலைப்பில் "ரெஸ்யூம்" என்றோ "பயோடேட்டா" என்றோ எழுத வேண்டாம், பார்த்தாலே தெரியும். உங்கள் பெயர், ஊர், போன் எண், மெயில், லிங்க்ட்இன் இருந்தால் அது. போதும். முழு வீட்டு முகவரி வேண்டாம், "புதுவயல், காரைக்குடி அருகில்" என்றால் போதும். அப்பா பெயர், மதம், சாதி, திருமண நிலை, உயரம், எடை எதுவும் தனியார் கம்பெனி கணக்கு வேலைக்குத் தேவையில்லை. அரசு வேலைக்கும் வங்கித் தேர்வுக்கும் அவர்களுடைய படிவத்திலேயே அதையெல்லாம் கேட்பார்கள், அங்கே கொடுக்கலாம். வளைகுடா வேலை என்றால் நாடு, பாஸ்போர்ட் செல்லும் காலம், விசா நிலை இவற்றைச் சேர்ப்பது வழக்கம். அமெரிக்கா, இங்கிலாந்து கம்பெனிகளுக்கு போட்டோவும் பிறந்த தேதியும் போடாமல் இருப்பதே வழக்கம். ஆதார் எண், பான் எண் இரண்டையும் எந்த ரெஸ்யூமிலும் போடாதீர்கள், அந்தத் தாள் எத்தனை பேர் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் ரெஸ்யூமின் கடைசியில் ஆதார் எண் இருந்தது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

மெயில் முகவரியில் செல்லப் பெயரும் நடிகர் பெயரும் வேண்டாம். பெயரும் இனிஷியலும் இருக்கிற மாதிரி புதிதாக ஒன்று தொடங்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

"சவாலான சூழலில் என் திறமைகளை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பாடுபட விரும்புகிறேன்." இந்த வரியை நான் எத்தனை ஆயிரம் தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. யாரோ ஒருவர் எழுதியதை பிரௌசிங் சென்டரில் வைத்து வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒட்டி விடுகிறார்கள். ஒரு முறை எனக்கு வந்த ரெஸ்யூமில் பெயர் ஒருவருடையது, அடியில் உறுதிமொழியில் கையெழுத்துக்கு மேல் இருந்த பெயர் வேறொருவருடையது. அந்தப் பெண் நல்லாப் படித்த பெண், தானே டைப் அடித்திருந்தால் நேர்முகத்துக்காவது வந்திருப்பாள். நான் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லோரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து இவையும் தனியார் வேலைக்கு வேண்டியதில்லை.

அந்தக் குறிக்கோள் இருந்த இடத்தில் மூன்று நான்கு வரி எழுதுங்கள்: யார், என்ன தெரியும், என்ன தேடுகிறேன். உங்களுக்கு இப்படி வரும் (டேலி பிரைம் என்பது கணக்கு எழுதும் மென்பொருள்): "இரண்டரை வருட அனுபவம் உள்ள பி.காம். பட்டதாரி. அரிசி ஆலையின் கொள்முதல், விற்பனை, சரக்கிருப்புக் கணக்குகளை டேலி பிரைமில் தனியாகப் பார்த்துவருகிறேன். மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன்களுக்கான விவரங்களைத் தயாரித்த அனுபவம் உண்டு. உற்பத்தி நிறுவனத்தில் கணக்கர் பணி தேடுகிறேன்." இதை ஆங்கிலத்தில் எளிய வாக்கியங்களாக எழுதுங்கள். பெரிய சொற்கள் வேண்டவே வேண்டாம். நேர்முகத்தில் உங்கள் வாயில் வராத ஆங்கிலத்தை ரெஸ்யூமில் போட்டால் உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில் இடைவெளி தெரிந்துவிடும்.

இனி அனுபவம். இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், மற்ற எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

"என்ன வேலை" என்று கேட்டால் பொறுப்பைச் சொல்லாதீர்கள், செய்ததைச் சொல்லுங்கள். ஒரு அரிசி ஆலைக் கணக்கு சாதாரணமானது இல்லை, அதில் ஊறிப்போனதால் உங்களுக்கு அதன் மதிப்பு தெரியவில்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள, லேபிள் ஒட்டிய அரிசி மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் எடை என்றால் வரி இல்லை. அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது. உங்கள் ஆலையில் 5 கிலோ, 10 கிலோ பையும் போடுகிறார்கள், 26 கிலோ மூட்டையும் போடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வரி உள்ள விற்பனை, வரி இல்லாத விற்பனை இரண்டையும் நீங்கள் பிரித்து வைக்கிறீர்கள். சாக்கு, உதிரிபாகம், ரிப்பேர் செலவு இவற்றில் கட்டிய வரி இரண்டு விற்பனைக்கும் பொதுவானது, அதில் நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய பங்கை (இன்புட் கிரெடிட் என்பது இதுதான்) ஜிஎஸ்டி விதி 42-ன்படி கணக்குப் போட்டுப் பிரிக்க வேண்டும். அந்தத் தாளைத் தயாரித்து ஆடிட்டருக்கு அனுப்புவது யார்? நீங்கள்தானே? இந்த வேலை தெரியாத பி.காம். பட்டதாரிகள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் இதை ரெஸ்யூமில் ஒரு சொல்லாகக்கூடச் சொல்லவில்லை.

அதே மாதிரி இருப்புக் கணக்கு. நெல் உள்ளே வருகிறது, அரிசி, குருணை, தவிடு, உமி என்று நாலாகப் பிரிந்து வெளியே போகிறது. அரசுக் கொள்முதலில் நூறு கிலோ நெல்லுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆலையில் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒவ்வொரு தொகுதி நெல்லுக்கும், எவ்வளவு தேறுகிறது என்று நீங்கள் பார்த்துக் குறித்தால், அது எந்தத் தொழிற்சாலைக்கும் வேண்டிய திறமை: மூலப்பொருள் எவ்வளவு போனது, சரக்கு எவ்வளவு வந்தது, நடுவில் காணாமல் போனது எவ்வளவு. நூல் மில் வைத்திருப்பவருக்கும் பம்ப் செய்பவருக்கும் இதே கேள்விதான். அவர் புரிந்துகொள்ளும் மொழியில் அதை எழுதுங்கள்.

எண் போடுங்கள். எண் இல்லாத வரி காற்றில் நிற்கிறது. "பில் போட்டேன்" என்பதற்கும் "மாதம் சுமார் 350 விற்பனை பில்" என்பதற்கும் படிப்பவர் மனதில் விழுகிற படம் வேறு. எண் தெரியாது என்று சொல்லாதீர்கள், டேலியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்றொரு ரிப்போர்ட் இருக்கிறது, எந்த வகை வவுச்சர் எத்தனை என்று அதுவே எண்ணிக் காட்டும். முதலாளியின் லாப நஷ்டத்தையும் விற்றுமுதலையும் வெளியே எழுதாதீர்கள், அது அவருடைய ரகசியம். ரகசியத்தை எழுதுகிற கணக்கரை அடுத்த முதலாளி நம்ப மாட்டார். பில் எண்ணிக்கை, லாட் எண்ணிக்கை, எத்தனை பேருக்குச் சம்பளப் பட்டியல் போட்டீர்கள் என்பதெல்லாம் சொல்லலாம்.

நீங்களாக ஆரம்பித்த ஒரு விஷயம் இருந்தால் அதை விடாமல் எழுதுங்கள். கேள்வியின் கடைசியில், கொள்முதல் பில்களை மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு (விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜிஎஸ்டி தளம் தருகிற பட்டியல்) ஒப்பிடுகிற பழக்கத்தை நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள், அதற்கு முன் வருடக் கடைசியில்தான் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சொன்ன வேலையைச் செய்கிறவர்கள் கிடைப்பார்கள், சொல்லாமலே ஓட்டையைப் பார்த்து அடைக்கிறவரைத் தேடித்தான் நாங்கள் இத்தனை ரெஸ்யூமைப் புரட்டுகிறோம். அனுபவப் பகுதியில் மேலிருந்து இரண்டாவது வரியாக அது வர வேண்டும்.

படிப்புப் பகுதியை அனுபவத்துக்குக் கீழே தள்ளுங்கள். பட்டம், கல்லூரி, முடித்த வருடம், மதிப்பெண். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஒரு வரி. தட்டச்சு ஹையர் முடித்திருக்கிறீர்கள், அதை ஏனோ விட்டுவிட்டீர்கள், சேருங்கள். எக்செல் தெரியும் என்று மட்டும் எழுதாமல் பிவட் டேபிள், விலுக்கப் இவற்றில் எது கையில் வருமோ அதை எழுதுங்கள். பொழுதுபோக்கு வேண்டாம். எல்லாம் சேர்ந்து உங்களுக்கு ஒரு பக்கத்தில் அடங்கும், அடங்க வேண்டும். பத்து வருடம் வேலை பார்த்தவர்கள் இரண்டு பக்கம் போகலாம்.

அப்புறம் அந்த நாற்பது இடம். ஒரே தாளை நாற்பது இடத்துக்கு அனுப்பியதற்குப் பதில், பத்து இடத்தைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் செலவழித்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். விளம்பரத்தை அச்செடுத்து, அவர்கள் கேட்கிற ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு போடுங்கள். "பேங்க் ரிகன்சிலியேஷன்" என்று அவர்கள் எழுதியிருந்தால், நீங்கள் "வங்கிக் கணக்கு சரிபார்ப்பு" என்பதற்கு வேறு ஆங்கிலச் சொல் போட்டிருந்தாலும் அவர்கள் சொல்லையே போடுங்கள். பெரிய கம்பெனிகளிலும் நௌக்ரி மாதிரி வேலை தேடும் தளங்களிலும் ஆள் பார்ப்பதற்கு முன் மென்பொருள் வழியாகச் சொல்லைத் தேடித்தான் வடிகட்டுகிறார்கள். இல்லாத திறமையைச் சேர்க்கச் சொல்லவில்லை. இருக்கிற திறமை அவர்கள் தேடும் பெயரில் இருக்கட்டும்.

அந்த மென்பொருளால்தான் இன்னொரு சிக்கல். இரண்டு பத்தியாகப் பிரித்த டிசைன், கட்டம் போட்ட அட்டவணை, போன் படம், மெயில் படம், திறமைக்கு நட்சத்திரக் குறி, இவையெல்லாம் கண்ணுக்கு அழகு, ஆனால் மென்பொருள் வரிகளைக் கலைத்துப் படித்துவிடும். உங்களுடையது அதைவிட மோசம். பிரிண்ட் எடுத்த தாளைப் போனில் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கியிருக்கிறீர்கள், அதில் எழுத்தே இல்லை, படம்தான் இருக்கிறது. எந்தத் தேடலிலும் அது வராது. நாற்பது இடத்தில் எத்தனை இடத்தில் ஒருவர் கண்ணிலும் படாமலே போயிருக்குமோ என்று நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வேர்டிலோ கூகுள் டாக்ஸிலோ டைப் அடித்து, அங்கிருந்தே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்வு செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் படிக்க முடிந்தால் சரி.

தமிழிலும் ஒரு பிரதி வைத்திருப்பவர்களுக்கு: யூனிகோடில் டைப் அடியுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பு இன்னொருவர் கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். கோப்புக்கு "புதியது ஃபைனல் 3" என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயரும் வேலையின் பெயரும் வரும்படி வையுங்கள். எங்கள் கணினியில் "ரெஸ்யூம்" என்ற பெயரிலேயே நூறு கோப்பு இருக்கும்.

பொய் பற்றி. உங்கள் நண்பர் ஒருவர் சென்னையில் பணம் கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்கலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவு செய்து வேண்டாம். இப்போது பல கம்பெனிகள் பி.எஃப். கணக்கின் யுஏஎன் எண்ணை (வேலை மாறினாலும் மாறாத எண்) வைத்து நீங்கள் எங்கே எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்று பார்த்துவிடுகிறார்கள். சேர்ந்த பிறகு மாட்டினால் வேலையும் போகும், பெயரும் போகும். உங்கள் உண்மை அனுபவத்துக்கு ஆதாரம் சேர்த்து வைப்பதுதான் முக்கியம். இருபது பேருக்குக் குறைவாக ஆள் உள்ள இடத்துக்கு பி.எஃப். கட்டாயம் இல்லை, உங்கள் ஆலையில் பி.எஃப். பிடிப்பதில்லை என்கிறீர்கள். அப்படியானால் சம்பளம் வங்கியில் ஏறிய ஸ்டேட்மென்ட்டை எடுத்து வையுங்கள். முதலாளியிடம் லெட்டர்பேடில் சேர்ந்த தேதி, பதவி, பார்க்கிற வேலை எழுதி ஒரு கடிதம் கேளுங்கள். வேலையை விடப் போவதாக இப்போதே சொல்ல வேண்டாம், வங்கிக் கடனுக்கு, வேறு தேவைக்கு என்று பலரும் கேட்டு வாங்குகிற சாதாரணக் கடிதம்தான் அது.

கல்லூரி முடித்ததற்கும் ஆலையில் சேர்ந்ததற்கும் நடுவில் ஒரு வருடம் காலியாக இருக்கிறது. குரூப் 4-க்கும் வங்கித் தேர்வுக்கும் படித்தீர்கள். காரைக்குடிப் பக்கம் அந்த ஒரு வருடம் இல்லாத பிள்ளைகளை எண்ணிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைக்காமல் ஒரே வரியில் எழுதுங்கள்: "போட்டித் தேர்வுத் தயாரிப்பு, இதே காலத்தில் டேலி பயிற்சி முடித்தேன்." தேதியை மாற்றி இடைவெளியை அடைக்கப் பார்க்காதீர்கள்.

இந்த இடத்தில் வேறு ஒன்றும் சொல்ல ஆசை. குழந்தை வளர்ப்பதற்காக ஏழெட்டு வருடம் வேலையை விட்ட பெண்கள் என்னிடம் ரெஸ்யூம் கொண்டுவந்து "நடுவில் ஒன்றும் செய்யவில்லை" என்பார்கள். கோட்டையூரிலிருந்து வந்த ஒருவர் அப்படித்தான் சொன்னார். கேட்டுப் பார்த்தால், ஐந்து வருடமாகச் சீப்புச்சீடையும் மாவுருண்டையும் கைமுறுக்கும் செய்து வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார், எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறது, மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார், கல்யாண சீசனில் ஆர்டர் பிடித்து பார்சல் போட்டுக் காசு வசூலிப்பது வரை அவர்தான். இது வேலை இல்லையென்றால் எது வேலை? அதை முதல் அனுபவமாக எழுத வைத்தேன், ஒரு ஹெரிட்டேஜ் ஹோட்டலில் கொள்முதல் பிரிவில் இப்போது இருக்கிறார். சம்பளச் சீட்டு வந்தால்தான் அனுபவம் என்று நினைத்து நிறையப் பேர் தங்களையே தாழ்த்திக்கொள்கிறார்கள்.

இப்போது கவர் லெட்டர். தனியாக ஒன்று வேண்டுமா என்று கேட்டீர்கள். விளம்பரத்தில் கேட்டிருந்தால் தனித் தாளாக இணையுங்கள். கேட்கவில்லை என்றால் மெயிலில் எழுதுகிற உடல்பகுதிதான் உங்கள் கவர் லெட்டர். எதுவுமே எழுதாமல் ரெஸ்யூமை மட்டும் ஒட்டி அனுப்புவது, ஒருவர் வீட்டு முகப்பில் ஏறி ஒரு வார்த்தை பேசாமல் கையில் பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போவது மாதிரி. நீங்கள் நாற்பது இடத்துக்கும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறீர்கள்.

ரெஸ்யூமில் சொன்னதையே திரும்பச் சொல்லத் தேவையில்லை. ரெஸ்யூம் சொல்லாத ஒன்றை அது சொல்ல வேண்டும்: ஏன் இந்த இடம், ஏன் இப்போது, உங்களுக்கு வேண்டியது என்னிடம் எங்கே இருக்கிறது. உங்களுக்காக ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன், எண்களையும் விவரத்தையும் உங்களுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

"வணக்கம். உங்கள் கோயம்புத்தூர் தொழிற்சாலைக்கு ஜூனியர் அக்கவுண்டன்ட் தேவை என்ற விளம்பரம் பார்த்தேன். ஜிஎஸ்டி வேலையும் சரக்கிருப்புக் கணக்கும் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டரை வருடமாக நான் பார்ப்பது இந்த இரண்டு வேலையைத்தான்.

காரைக்குடி அருகே ஓர் அரிசி ஆலையில் நெல் வரவு முதல் அரிசி, குருணை, தவிடு விற்பனை வரை டேலி பிரைமில் பதிவு செய்கிறேன். வரி உள்ள பொருளும் வரி இல்லாத பொருளும் ஒரே இடத்தில் விற்பனையாவதால், பொதுவான இன்புட் கிரெடிட்டைப் பிரிக்கும் தாளை மாதாமாதம் தயாரித்து ஆடிட்டருக்கு அனுப்புகிறேன். கொள்முதல் பில்களை ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு மாதாமாதம் ஒப்பிடும் முறையை ஆலையில் நான் ஆரம்பித்தேன்.

ஒரு ஆலையின் கணக்கு கைக்கு வந்துவிட்டது. பல பிரிவுகள் உள்ள தொழிற்சாலையில் உற்பத்திச் செலவைக் கணக்கிடும் காஸ்டிங் வேலையும் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். கோயம்புத்தூருக்கு மாறி வரத் தயார், முடிவு தெரிந்ததிலிருந்து 30 நாளில் சேர முடியும். ரெஸ்யூம் இணைத்திருக்கிறேன்."

இவ்வளவுதான். மாறி வரத் தயார், எத்தனை நாளில் சேர முடியும் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். காரைக்குடி முகவரியைப் பார்த்ததும் "இவ்வளவு தூரத்திலிருந்து வருவாரா, வந்து நிற்பாரா" என்ற சந்தேகம் எங்களுக்கு முதலில் வரும், அதற்கு நீங்களே பதில் சொல்லிவிட்டால் ஒரு தடை போய்விடும். மெயிலின் தலைப்பு வரியில் வேலையின் பெயர், உங்கள் பெயர், "இரண்டரை வருட அனுபவம்" மூன்றும் இருக்கட்டும்.

நீங்கள் எனக்குக் காட்டிய பழைய விண்ணப்பக் கடிதத்தில் "ஏழைக் குடும்பம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கருணை கூர்ந்து வேலை கொடுத்தால் காலமெல்லாம் நன்றியோடு இருப்பேன்" என்று இருந்தது. படித்தபோது மனது கனத்துப் போனது. உங்கள் கஷ்டம் உண்மை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் வேலை கேட்பது உதவி கேட்பது இல்லை தம்பி. அவருக்கு ஒரு வேலை முடிய வேண்டியிருக்கிறது, உங்களிடம் அந்தக் கைவேலை இருக்கிறது, சம தரையில் நின்று பேசுங்கள். இரக்கத்தில் வேலை கொடுத்தவர் சம்பளத்தையும் இரக்கமாகவே கொடுப்பார், அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாட்ஜிபிடி மாதிரிக் கருவியில் எழுதி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில் பிழை திருத்தவும் வாக்கியத்தைச் சுருக்கவும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரு விவரமும் கொடுக்காமல் "கவர் லெட்டர் எழுது" என்று கேட்டால் எல்லோருக்கும் வருவதுதான் உங்களுக்கும் வரும். ஒரே நாளில் ஒரே மாதிரித் தொடங்குகிற எட்டுக் கடிதம் எனக்கு வந்திருக்கிறது. மேலே சொன்ன உங்கள் விவரத்தையெல்லாம் நீங்கள் முதலில் தமிழில் எழுதி, அதை வைத்து வேலை வாங்குங்கள். வந்ததில் நீங்கள் செய்யாத ஒன்று சேர்ந்திருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள்.

நம்ம ஊரில் பாதி வேலை சொல்லி வைத்துத்தான் கிடைக்கிறது. அதில் தப்பில்லை, தெரிந்தவர் மூலம் போனால் அவர் பெயரைக் கடிதத்தின் முதல் வரியில் சொல்லலாம், ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் கோப்புக்கு மேலே இரண்டு வரி: பெயர், எந்த வேலைக்கு, யார் சொல்லி அனுப்புகிறீர்கள். "ஹாய் சார்" என்று மட்டும் அனுப்பிவிட்டு பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அனுப்பியதை ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, கம்பெனி, எந்தப் பிரதி, யாரிடம் பேசினேன். ஒரு வாரம் கழித்து ஒரு முறை பணிவாகக் கேட்டு மெயில் போடலாம், அதற்கு மேல் வேண்டாம். நௌக்ரியில் இருக்கும் தேதிகளும் லிங்க்ட்இன் தேதிகளும் ரெஸ்யூமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்புத் தளத்திலும் பதிந்து வையுங்கள், பணம் கிடையாது. வேலை தருகிறேன், முதலில் டெபாசிட் கட்டு என்று உள்ளூரில் யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெளிநாட்டு வேலை என்றால் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று பார்த்த பிறகுதான் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.

ஆதார் எண்ணை எடுப்பதோடு இன்றைக்கு இன்னும் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். நாளை ஆலைக்குப் போனதும் டேலியில் அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து, வவுச்சர் எண்ணிக்கைகளைக் குறித்து வைப்பதற்கு ஒரு நோட்டை எடுத்து இன்றே பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அனுபவப் பகுதியை ஆறு வரியில் எழுதி எனக்கு அனுப்புங்கள். 20-ம் தேதி ரிட்டர்ன் வேலை முடிந்த பிறகு அனுப்பினாலும் சரி, வந்ததும் உட்கார்ந்து பார்த்துத் திருத்தித் தருகிறேன்.